தாடிக்காரன் டப்பா

உங்கள் பாட்டி வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருந்தது? பால்மாவு டின், பிஸ்கட் டின், மைலோ டின் என்று ஆளுக்கொரு பதில் வரும். எங்கள் பாட்டி வீட்டில் அது சிகரெட் டின். ஐம்பது சிகரெட் கொள்ளும் வட்டமான டின், உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் மேல் கப்பலில் தொங்குமே, அந்த மிதவை வளையம். வளையத்துக்குள் தாடி வைத்த ஒரு கடலோடியின் முகம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அதற்கு வைத்த பெயர் ‘தாடிக்காரன் டப்பா’. வெந்தயம் இருந்தது ‘மஞ்ச டப்பா’. பித்தானும் ஊசியும் நூலும் கிடந்த தட்டையான சிவப்பு டின்னில் கருப்புப் பூனை இருந்ததால் அது ‘பூனை டப்பா’.

அந்த வீட்டில் யாரும் அந்தச் சிகரெட்டுகளைப் புகைத்ததில்லை என்பதுதான் வேடிக்கை. தாத்தா பால்மரம் வெட்டியவர். அவருக்குப் பீடி போதும். பண்டிகை நாளில் ஒரு சுருட்டு. தோட்டத்தில் புகைக்கும் ஏணிப்படி உண்டு. துரைக்கும் கிராணிக்கும் டின் சிகரெட். வெட்டுமரத்துக்குப் போகிறவர்களுக்குப் பீடி. பெண்களுக்கு வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை. பாட்டி கிராணி வீட்டில் துணி துவைத்துக் கொடுத்தார். காலியான டின்கள் அங்கிருந்து லயத்துக்கு வந்தன.

அந்த மூன்று டின்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் இன்னொரு வகை அக்கறையும் உண்டு. பொட்டலங்கள் அச்சிடும் ஒரு நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வடிவமைப்பாளராக இருக்கிறேன். பிஸ்கட், தேயிலை, மசாலாத்தூள். கடை அடுக்கில் நூறு பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி எப்படிக் கண்ணில் படவேண்டும் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தைக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். பழைய சிகரெட் டின்களும் தகர விளம்பரப் பலகைகளும் அங்கே நல்ல விலைக்குப் போகின்றன. வேலைக்குப் போகும் இளையர்கள் வாங்கிப்போய்ப் பேனா போட்டு வைக்கிறார்கள், சிறு செடி வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவை உண்மையிலேயே அழகானவை. ஒரு குச்சிப் புகையிலைக்கு ஏன் இத்தனை அழகு தேவைப்பட்டது என்பதுதான் நான் பல நாள் யோசித்த கேள்வி.

*இயந்திரம் செய்த வேலை*

புகையிலையைச் சுருட்டிப் பிடிப்பது நமக்குப் பழையது. ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது நம் ‘சுருட்டு’தான். திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையில் செய்த திருச்சிராப்பள்ளிச் சுருட்டு லண்டன் வரை பேர் வாங்கியிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். அந்தச் சுருட்டுக்குப் பெட்டி அழகு தேவைப்படவில்லை. ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது.

சிகரெட்டின் கதை வேறு. நம் நாளிதழ்கள் ‘வெண்சுருட்டு’ என்று எழுதும் இந்தப் பொருளும் முதலில் கையால் சுருட்டப்பட்டதுதான். தேர்ந்த கைகூட ஒரு நாளில் சில ஆயிரத்தைத் தாண்டாது. 1881-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பொன்சாக் என்ற இளைஞர் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் சுருட்டித் தள்ளியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த வில்ஸ் நிறுவனம் 1883-இல் அந்நாட்டுக்கான உரிமையை வாங்கியது.

இனிமேல்தான் சிக்கல். ஒரே மாதிரி இயந்திரம், ஒரே மாதிரி தாள், ஏறக்குறைய ஒரே மாதிரி புகையிலை. கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்தால் எது யாருடையது என்று சொல்வது கடினம். இத்தனை லட்சம் குச்சிகளை எப்படி விற்பது? குச்சிக்குள் இல்லாத வேறுபாட்டைப் பெட்டியின் மேல் எழுதித்தான்.

அப்போது ஆரம்பித்தது பெயர்களின் போட்டி. மென்மையான தாள் பொட்டலம் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டு வைத்தார்கள். அட்டை சும்மா கிடப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டார்கள். கப்பல்கள், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள், பறவைகள், கொடிகள். ஐம்பது படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை முடிக்க வேண்டுமே என்று சிறுவர்கள் அப்பாவை இன்னொரு பெட்டி வாங்கச் சொன்னார்கள். புகைக்காத பிள்ளையும் வாடிக்கையாளர் ஆனான். இரண்டாம் உலகப் போரில் தாள் தட்டுப்பாடு வந்து, 1940-இல்தான் பிரிட்டனில் அந்த அட்டைகள் நின்றன.

*டின்னுக்குள் பூட்டிய வாசம்*

பாட்டியின் தாடிக்காரனுக்கு வருவோம். ஜான் பிளேயர் என்பவர் 1877-இல் நோட்டிங்ஹாம் நகரில் ஒரு புகையிலைத் தொழிலை வாங்கினார். அவருடைய ‘நேவி கட்’ சிகரெட்டின் அடையாளம்தான் அந்தக் கடலோடி. தொப்பியில் ‘ஹீரோ’ என்று எழுதியிருக்கும். பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? துணிச்சல், கடல், நம்பிக்கை. மிதவை வளையம் உயிரைக் காப்பது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நுரையீரலைக் கெடுக்கும் பொருளுக்கு உயிர்காப்பு வளையத்தை அடையாளமாகத் தேர்ந்த கை சாதாரணக் கை அல்ல. அன்றைக்கு அந்த ஆபத்து அவர்களுக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

டின் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்காகவே வந்தது என்று சொல்லலாம். மலாயாவின் ஈரக் காற்றில் தாள் பொட்டலத்துச் சிகரெட் நமுத்துப் போகும், பூசணம் பிடிக்கும். அதனால் காற்றுப் புகாமல் அடைத்த வட்ட டின். மூடியின் உட்புறத்தில் சிறு கூர்முனை இருக்கும். மூடியை அழுத்தித் திருகினால், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வட்டமாக அறுபடும். அந்த நொடியில் அடைபட்டிருந்த வாசம் குப்பென்று வெளிவரும். தோட்டத்துக் கிராணி ஒருவர் புது டின் திறந்தால் பக்கத்து வீட்டுக்கு வாசம் போகும் என்று பாட்டி சொல்வார். புகைக்கு முன்பே ஒரு சடங்கு நடந்து முடிந்துவிடுகிறது.

எங்கள் தொழிலுக்கும் அந்தத் தகரத்துக்கும் ஓர் உறவு உண்டு. இன்று நாளிதழ் முதல் மசாலாப் பெட்டி வரை ஆஃப்செட் முறையில் அச்சிடுகிறோம். அந்த முறை முதலில் தாளுக்காகப் பிறக்கவில்லை. 1875-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்லே என்பவர் தகரத்தில் அச்சிடுவதற்காகக் காப்புரிமை பெற்ற முறை அது. கல்லில் இருந்து நேராகத் தகரத்தில் ஒற்றினால் மை சரியாகப் பிடிக்காது. இடையில் ஓர் உருளையில் படத்தை வாங்கி, அதிலிருந்து தகரத்துக்கு மாற்றினார்கள். எழுபது எண்பது ஆண்டு கடுகும் வெந்தயமும் உரசியும் பாட்டியின் டின்னில் வண்ணம் இன்னும் இருக்கிறதென்றால் காரணம் அந்த வேலைத்திறன்தான்.

மஞ்சள் டப்பா, ஸ்டேட் எக்ஸ்பிரஸ் 555. லண்டனில் ஆர்டத் நிறுவனம் தொடங்கியது. நியூயார்க்கின் ‘எம்பயர் ஸ்டேட் எக்ஸ்பிரஸ்’ ரயிலிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது என்பார்கள். ரயிலை இழுத்த எஞ்சினின் எண் 999. அந்த ரயிலில் போன முதலாளி மூன்று ஒரே எண்கள் சேர்ந்திருந்தால் யாருக்கும் மறக்காது என்று கண்டுகொண்டாராம். சரியான கணக்கு. ஆங்கிலம் தெரியாத சீனத் தவுக்கேயும் மலாய்க்காரப் படகோட்டியும் தமிழ்க் கங்காணியும் தத்தம் மொழியில் சொல்லக்கூடிய பெயர் எண் ஒன்றுதான். நம் ஒட்டுக்கடைகளில் கடன் எழுதும் சின்னக் குறிப்புப் புத்தகத்தின் அட்டையிலும் 555 இருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பூனை டப்பா ‘கிரேவன் ஏ’. கரேராஸ் நிறுவனம் 1921-இல் விற்பனைக்கு விட்டது. உதட்டில் ஒட்டாத கார்க் நிற நுனி அதன் சிறப்பு. தொண்டைக்குக் கேடு செய்யாது என்பதே அதன் விளம்பரம். மருத்துவக் குணமுள்ள பொருளைப் போல அதை விற்றார்கள். 1928-இல் லண்டனில் அவர்கள் கட்டிய தொழிற்சாலையின் வாசலில் இரண்டு பெரிய கருப்புப் பூனைகளை எகிப்தியச் சிலைகள் போல நிறுத்தினார்கள்.

தாடிக்காரன், பூனை, எண். எழுத்து தெரியாதவருக்கும் புரியும் அடையாளங்கள். பாட்டி தாமாக வைத்ததாக நாங்கள் நினைத்துச் சிரித்த பெயர்கள், அவர் போன்றவர்கள் அப்படித்தான் அழைக்கவேண்டும் என்று கடல் கடந்து யாரோ திட்டமிட்டவை. உலகெங்கும் அதே டின்கள் போய்ச் சேர வழியும் இருந்தது. 1902-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் முதலாளிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டு, தங்கள் இரு நாடுகளுக்கு வெளியே விற்க ‘பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ’வை உருவாக்கினார்கள்.

*பெட்டி மேசைக்கு வந்தது*

போருக்குப் பிறகு டின் மெல்ல மறைந்து அட்டைப்பெட்டி வந்தது. அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் 1942-இல் பச்சைப் பெட்டியை வெள்ளையாக மாற்றியபோது, பச்சை மைக்கு வேண்டிய உலோகம் போருக்குத் தேவைப்படுகிறது என்று நாட்டுப்பற்றாக அறிவித்தது. பெண் வாடிக்கையாளரைப் பிடிக்க வெள்ளை நல்லது என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. மார்ல்பரோ 1924-இல் வந்தபோது பெண்களுக்கான சிகரெட். உதட்டுச் சாயம் தெரியாதிருக்கச் சிவப்பு நுனி கூட வைத்தார்கள். 1955 வாக்கில் அதே பெயரை சிவப்பு வெள்ளைப் பெட்டியில் போட்டு, மாட்டுக்காரர் ஒருவரை விளம்பரத்தில் நிறுத்தினார்கள். பெண்களின் சிகரெட் ஆண்மையின் சின்னமாகிவிட்டது.

அந்தப் பெட்டியின் மடக்கு மூடியை என் கண்ணால் பாருங்கள். தாள் பொட்டலமாக இருந்தால், சட்டைப் பைக்குள்ளேயே விரலை விட்டு ஒன்றை உருவலாம். மடக்கு மூடிப் பெட்டியை வெளியே எடுத்தால்தான் திறக்க முடியும். ஒரு நாளைக்கு இருபது முறை, புகைப்பவரே அந்தப் பெட்டியை நாலு பேருக்குக் காட்டுகிறார். சம்பளம் வாங்காத விற்பனையாளர்.

என் அப்பா அப்படி ஒருவர். தோட்டத்தை விட்டு முதலில் வெளியே வந்தவர் எங்கள் குடும்பத்தில் அவர்தான். லாரி நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை. மெல்லிய வெள்ளைச் சட்டை போடுவார். சட்டைப் பையின் வழியே பெட்டியின் நிறமும் பொன்னிறக் கோடும் தெரியும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் முதலில் பெட்டியை மேசை மேல் வைப்பார், அதன் மேல் லைட்டரை. தாத்தாவின் பீடிக் கட்டு மடியில் ஒளிந்திருக்கும். அப்பாவின் பெட்டி மேசை மேல் நிமிர்ந்திருக்கும். பால் வெட்டியவரின் மகன் கிராணி ஆகிவிட்டான் என்பதற்கு அது சான்றிதழ். அந்தப் பெருமையை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அவருக்கு வேறு சான்றிதழ் கிடைக்கவில்லை.

1998-இல் நுரையீரல் புற்றுநோயில் போனார். வயது 56.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்தோம். கோழிக் குழம்பு, மசால் வடை, கட்டங்காப்பி. சித்தப்பா ஒரு புதுப் பெட்டி சிகரெட்டையும் கொண்டுவந்து இலையோரம் வைத்தார். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது இந்தத் தொழிலுக்கு வந்து ஓராண்டு கூட ஆகவில்லை. அழுகைக்கு நடுவிலும் கண் அந்தப் பெட்டியின் மேல் போனது. தங்கத் தாள் ஒற்றியது, எழுத்து சற்றே மேடாகத் தெரியும்படி அழுத்தியது, மூலை ஒவ்வொன்றும் கச்சிதம். சுகாதார எச்சரிக்கை பக்கவாட்டில், சின்ன எழுத்தில், பின்னணியோடு கரைந்த நிறத்தில் இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு அதைவிட நன்றாக அச்சிடப்பட்ட பொருள் எதுவும் இல்லை. படையல் முடிந்ததும் சித்தப்பா அதைப் பிரித்து, வாசலில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்.

*பெட்டியோடு ஒரு வழக்கு*

அப்பா புகைக்கத் தொடங்கும் முன்பே உண்மை வெளியாகியிருந்தது. 1950-இல் பிரிட்டனின் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தும் ஆய்வை வெளியிட்டார்கள். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அதையே அறிக்கையாக உறுதிப்படுத்தினார். சிங்கப்பூர் 1971-இல் சிகரெட் விளம்பரத்தைத் தடை செய்தது. மலேசியாவில் 1982-இல் தொலைக்காட்சியில் நேரடி விளம்பரம் நின்றது. நின்றது விளம்பரம், பெயர் நிற்கவில்லை. காற்பந்து லீக்கின் பெயரிலேயே 2004 வரை டன்ஹில் இருந்தது. சிகரெட்டே இல்லாமல் பெயரையும் நிறத்தையும் மட்டும் காட்டினால் போதும், மிச்சத்தை மனம் நிரப்பிக்கொள்ளும் என்பது பெட்டி வடிவமைப்பவர்களுக்குத் தெரிந்த பாடம். பெட்டாலிங் ஜெயாவில் யூனிவர்சிட்டி சாலைச் சந்திப்பையே ‘ரோத்மன்ஸ்’ என்று வழி சொன்னவர்கள் நாம். பக்கத்திலிருந்த தொழிற்சாலையின் பெயர் அது.

பிறகு சட்டம் பெட்டியையே கையில் எடுத்தது. 2004-இல் சிங்கப்பூரிலும் 2009-இல் மலேசியாவிலும் நோயின் படங்கள் பெட்டியில் ஏறின. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. பிராண்டின் சின்னம், நிறம், எழுத்து எதுவும் கூடாது. எல்லாப் பெட்டியும் ஒரே நிறம். அந்த நிறத்தை எப்படித் தேர்ந்தார்கள் தெரியுமா? புகைப்பவர்களிடமே வண்ணங்களைக் காட்டி, எது மிகவும் பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். சேறும் பச்சையும் கலந்த ஒரு பழுப்பு வென்றது. அச்சுத் தொழிலில் அதன் எண் பான்டோன் 448சி. ஒரு நிறத்தை அழகில்லை என்பதற்காகவே தேர்ந்த வேலை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 2020 ஜூலை 1 முதல் சிங்கப்பூரிலும் மங்கலான பழுப்புப் பெட்டிதான். அதில் முக்கால் பங்கை எச்சரிக்கைப் படம் எடுத்துக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவின் சட்டத்தைச் சிகரெட் நிறுவனங்கள் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தன, தோற்றன. சில நாடுகள் உலக வர்த்தக அமைப்பு வரை கொண்டுபோயின. அங்கும் 2020-இல் ஆஸ்திரேலியாவே வென்றது. பெட்டி சும்மா ஒரு கூடு, அதைப் பார்த்து யாரும் புகைக்கத் தொடங்குவதில்லை என்றால், அந்தக் கூட்டுக்காக ஏன் அத்தனை ஆண்டு வழக்காட வேண்டும்?

*“பார்த்தவுடனே எடுக்கத் தோணணும்”*

2023-இல் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்தது. மின்சிகரெட்டுக்கான திரவம், சின்னப் புட்டி, அதற்கொரு பெட்டி. வந்தவர் நம் இளைஞர்தான். மரியாதையாகப் பேசினார்.

“அண்ணே, மாம்பழ ஐஸ், தர்பூசணி, பபிள்கம். மூணு சுவை. கார்ட்டூன் கரடி ஒன்னு போட்டுடலாம். பார்த்தவுடனே எடுக்கத் தோணணும். பிஸ்கட்டுக்கு எப்படிச் செய்வீங்களோ அதே மாதிரி செஞ்சு குடுங்க.”

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து அரசாங்கம் நீக்கியிருந்தது. சிறுவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்று சொல்லும் சட்டம் 2024 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எதைச் செய்தாலும் குற்றமில்லை. அவர் கேட்டதும் சட்டப்படி தவறில்லை.

ஆனால் அவர் பேசப் பேச எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்ததாக இருந்தது. கரடி, பூனையின் பேரன். பபிள்கம் வாசம், டின் திறந்தால் வரும் வாசம். மூன்று சுவையும் சேர்த்து வாங்கினால் படம் முழுமையாகும் என்றார். அது சிகரெட் அட்டை.

“இது வேணாம் தம்பி, வேற எந்த வேலையா இருந்தாலும் கொண்டு வாங்க,” என்றேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. என் முதலாளி நல்லவர், முகம் சுளித்தார், வற்புறுத்தவில்லை. நல்ல தொகை. வேலை வேறு அச்சகத்துக்குப் போனது. சில மாதம் கழித்து, பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும் வரிசைக் கடைகளில் ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கரடி சிரித்துக்கொண்டிருந்தது. தொழில்முறையில் சொன்னால், வேலை சுத்தம். நான் மறுத்ததால் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய டின்களை வாங்கி வைப்பவர்கள் வையுங்கள். அவை நம் தோட்டக் கதையின் ஒரு பகுதி. வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் பழக்குங்கள். எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும், மிட்டாயோ மருந்தோ பேனா போல் இருக்கும் புதுச் சாமானோ, முன்பக்கத்தைப் பார்த்த பிறகு திருப்பிப் பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் என்னைப் போன்றவர்கள் எழுதுவது. வாங்குபவருக்கு என்ன ஆசை என்று பார்த்து எழுதுகிறோம். பக்கவாட்டில் இருப்பதைச் சட்டம் எழுத வைக்கிறது. பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.